பின்சீட்டுப் புளி

புளிக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது என்ற செய்தி என்னை வந்து சேர்ந்தபோது நான் குத்துவிளக்கு தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததும் புளியை வைத்துத்தான். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி கோயம்புத்தூரில் ஓர் உணவுக் கம்பெனியில் சரக்கு வாங்கிப்போடும் பொறுப்பில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொள்வதால் மட்டுமே எங்கள் நட்பு உயிரோடு இருக்கிறது. அவள் பங்குனி மாதத்தில் போன் செய்கிறாள் என்றதும் ஏதோ காரியம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கையெல்லாம் புளிச்சக்கை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"இப்ப புளிதான்டி டிரெண்டிங்," என்றாள். "மாம்பழம், ஸ்ட்ராபெரி எல்லாம் பழசாயிருச்சு. புளி போட்ட சோடா, புளி தூவின சிப்ஸ், புளி சாஸ், புளி மிட்டாய், எல்லாக் கம்பெனியும் இதுலதான் இறங்கியிருக்கு. இனிப்பு, புளிப்பு, காரம் மூணும் ஒண்ணா நாக்குல படணும். அந்த ருசியைத்தான் ஜனங்க தேடுறாங்க."

"அதைத்தானே நாங்க இத்தனை நாளா கொழம்புன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் புளி கிடைக்குமா, கொஞ்சம் சாம்பிள் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். போடிக்காரியிடம் புளியைக் கேட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். எங்களிடம் எல்லோரும் கேட்பது ஏலக்காயைத்தான். எங்கள் பக்கத்தில் ஏலக்காய் பெரிய வீட்டுப் பிள்ளை. அதற்கு ஏலம், தரம் பிரிக்கச் சல்லடை, பூட்டுப் போட்ட கிட்டங்கி எல்லாம் உண்டு. புளி ரோட்டோரத்தில் தானாக வளர்ந்த பிள்ளை. யாராவது வந்து உலுக்கினால் விழும், அவ்வளவுதான்.

இதில் நானும் கட்சி சேர்ந்தவள்தான். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுவது என் வேலை. சாயங்காலம் சிலமலைக்குத் திரும்பும் பஸ்சில் என் சேலையிலிருந்து ஏலக்காய் வாசம் வரும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு மரியாதையோடு தள்ளி இடம் கொடுப்பார்கள். மீன் மார்க்கெட்டில் பில் போட்டிருந்தாலும் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

சிலமலையில் என் வீடும் அண்ணன் வீடும் ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. அண்ணன் ஜீப் ஓட்டுகிறார். சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கத்துத் தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவார். அந்தப் பெண்களில் அவருடைய மனைவியும் ஒருத்தி. எனக்கு மதினி. முறைக்குத்தான் மதினி, மற்றபடி நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

மதினிக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே குமட்ட ஆரம்பித்துவிடும். கல்யாணமான புதிதில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்து ஊரே விசேஷம் என்று சந்தோஷப்பட்டது. என் அம்மா தெருவில் சர்க்கரைகூடக் கொடுத்துவிட்டாள். சிலமலையில் இருக்கிற நாளில் அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை, மலை ஏறுகிற நாளில் மட்டும்தான் என்பது புரியக் கொஞ்ச காலம் ஆனது. சர்க்கரையைத் திரும்பக் கேட்க முடியாமல் போய்விட்டது.

அந்தக் குமட்டலுக்கு அவளே கண்டுபிடித்த வைத்தியம் புளி. பழைய புளியில் உப்பு, கருப்பட்டி, வறுத்த சீரகம் சேர்த்து இடித்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி முந்தானையில் முடிந்துகொள்வாள். முந்தல் தாண்டியதும் ஒன்று வாய்க்குள் போகும். பின்னாலிருந்து நீளும் கைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பாள். அவள் உட்காருவது எப்போதும் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால். வளைவு வந்ததும் அண்ணன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "மெல்லப் போங்க" என்பாள். "மெல்லத்தான் போறேன்," என்பார் அண்ணன், அதே வேகத்தில் திருப்பிக்கொண்டே. அடுத்த வளைவில் மறுபடி "மெல்லப் போங்க", மறுபடி "மெல்லத்தான் போறேன்". மேலே போய்ச் சேரும்வரை இதே பாட்டுத்தான்.

"எம் வண்டிக்கு ரெண்டு பிரேக்கு," என்று அண்ணன் டீக்கடையில் பெருமையடிப்பார். "ஒண்ணு காலுக்குக் கீழ கெடக்கு. இன்னொண்ணு முதுகுக்குப் பின்னால ஒக்காந்து கத்தும்."

தோழி போனில் சொன்னதை அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் இருவருக்கும் சொன்னேன். அண்ணனுக்குப் புரையேறிவிட்டது.

"சோடாவுல புளியா? குடிச்ச மிச்சத்துல வெளக்குத் தேச்சுக்கலாமா?" என்றார். "பொட்டிபுரத்து மலையில நியூட்ரினோன்னு கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடப் போறோம்னாங்க. அதையாச்சும் நம்பலாம் தாயி. கண்ணு முன்னால தொங்குற புளியைத் தேடி கோயமுத்தூர்லேருந்து வர்றாகளாம்!"

மதினி சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏத்தா, சீசனுக்கு மட்டும் வாங்குவாகளா, வருசம் பூரா வாங்குவாகளா?"

"புடிச்சிருந்தா வருசம் பூரா வேணும்னுதான் சொல்றா."

"அப்ப நான் மலை ஏறுறதை நிப்பாட்டிருவேன்," என்றாள். "நம்ம காட்டுலயே மரம் நிக்குது. பத்தலைன்னா ராசிங்காபுரத்துல வாங்கிக்கிறலாம். முத்தத்துல ஒக்காந்து ஓடு ஒடைச்சு, நார் உரிச்சு, கொட்டை தட்டிக் குடுத்துட்டுப் போறேன். தரையில ஒக்காந்து பாக்குற சோலி. தரை சுத்தாதுல்ல."

"எதுக்கு நிப்பாட்டணும்? போகப்போகப் பழகிரும்," என்றார் அண்ணன்.

"கல்யாணமானதுலேருந்து பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னமும் அந்த வளைவுல என் கொடலு வாய் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது."

அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. ஆனால் அவ்வளவு வருடமாக அவள் ஒரு காலையாவது சந்தோஷமாக எழுந்திருக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இந்தக் காரியத்தை எப்படியாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

சாம்பிள் எடுத்து வைக்கும் நாளில் முற்றம் முழுக்க அந்த வருடத்துப் புளி பாயில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கொட்டை தட்டியது, செம்மண் நிறத்தில் பளபளவென்று இருந்தது. மதினி அதை மிதித்துவிடாமல் சேலையைத் தூக்கிக்கொண்டு சுற்றி நடந்து, உள்ளறைக்குப் போய், பரணிலிருந்து பெரிய ஜாடியை இறக்கினாள்.

எங்கள் பக்கத்துப் புளி நியாயம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். புதுப்புளி இங்கே மரியாதைப்பட்ட பொருள் அல்ல. விருந்தாளிக்குப் புதுப்புளியில் குழம்பு வைத்தால், இந்த வீட்டில் ஒரு கைப்பிடி பழைய புளிக்குக்கூட வழியில்லையா என்று பேச்சு வரும். பிள்ளை பெற்றவளுக்குப் பழைய புளி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் பழைய புளி. கொட்டை எடுத்த புளியில் கல்லுப்பைப் போட்டு ஜாடியில் அமுக்கி வைத்துவிட்டால், வருடம் ஆக ஆகக் கறுத்து, கடைசியில் வண்டி மை நிறத்துக்கு வந்து நிற்கும். அந்தக் கறுப்புத்தான் வீட்டுக்குப் பெருமை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனதும் பத்தியக் குழம்புக்கு ஓர் உருண்டை கேட்டு வருவார்கள். அப்போது மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பீரோவைத் திறந்து நகை எடுத்துக் கொடுப்பவள் மாதிரி இருப்பாள்.

ஆகவே கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போனது அந்தக் கறுத்த புளி. அதைத் தவிர வேறெதையும் அனுப்பலாம் என்ற நினைப்பே எங்கள் மூவருக்கும் வரவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கிய நான்தான் அதை இரண்டு பாலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டினேன். போடியில் கூரியர்க்காரர் பார்சலை அழுத்திப் பார்த்துவிட்டு "பனங்கருப்பட்டியா?" என்று கேட்டார். "புளி. நல்ல பழசு," என்றேன். அவர் உள்ளூர்க்காரர். புருவத்தை உயர்த்தி, "பரவாயில்லையே," என்றார்.

தோழி கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டாள். மதினி கேட்கட்டும் என்று போனில் ஸ்பீக்கரைப் போட்டேன். அதைப் போடாமல் இருந்திருக்கலாம்.

"சாம்பிள் வந்துச்சு," என்று இழுத்தாள் தோழி. "அது எவ்வளவு நாளா உங்க வீட்டுல இருந்துச்சு?"

"ரொம்ப வருசமா," என்றேன் பெருமையாக.

"அதான் பார்த்தேன். லேப்ல கெட்டுப்போன சரக்குன்னு எழுதிட்டாங்கடி. கறுத்துப் போயிருக்கு, உப்பு வேற எக்கச்சக்கமா இருக்காம்."

மதினி எழுந்து நின்றுவிட்டாள்.

"எம் புளி கெட்டுப் போச்சாமா?" என்றாள். போனைப் பார்த்துத்தான் சொன்னாள், நேரில் நிற்கிற ஆளிடம் சொல்வதுபோல. "இந்தத் தெருவுல எத்தனை பிள்ளைப்பேறு பாத்த புளி தெரியுமா அது? அதைத் தின்னு எந்திரிச்ச பிள்ளைக காலேசுக்குப் போகுதுக! கெட்டுப் போச்சாம்ல, கெட்டு!"

நான் அவசரமாகப் போனை அணைத்தேன். அண்ணனுக்கு இதில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மதினியைவிட அதிகமாகக் குதித்தார். "எம் பொண்டாட்டி புளியைக் கெட்டுப் போச்சுன்னு சொல்ல அவுக யாரு? கொண்டா அந்தப் போனை, நான் கேக்குறேன்," என்றார். இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் ஜீப்பின் ஆரன் மட்டும் வழக்கத்தைவிடக் குஷியாக ஒலித்தது. மதினி புளி உருண்டைகளை முடிந்துகொண்டு போய் ஏறினாள். ஏறும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த முதுகைப் பார்த்ததில்தான் நான் மானத்தை விட்டு மறுபடி கோயம்புத்தூருக்குப் பேசினேன். போனில் பேசினால் சண்டைதான் வளரும், ஒரு தடவை நேரில் வந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். சாப்பாடு என்றதும் தோழி ஒத்துக்கொண்டாள். கல்லூரியிலும் அப்படித்தான்.

அவள் வந்த ஞாயிற்றுக்கிழமை மதினி மொச்சை போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். எந்தப் புளி என்று சொல்ல வேண்டியதில்லை. வைக்கும்போது, லேப்புக்கு நாக்கு இருந்தால் இதை நக்கிப் பார்க்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த புதுப்புளியை விருந்தாளி கண்ணில் படாமல் சுவரோரமாகத் தள்ளி, ஜீப்பின் தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்தாள். பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டிலுள்ள பழைய துணி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அந்தச் சுறுசுறுப்பு.

தோழி சாப்பிட்டாள். மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள். குழம்பை மட்டும் தனியாகக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிக் குடித்தாள். மதினி கைகளைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து, தீர்ப்புக்காகக் காத்திருந்தாள்.

"அக்கா, சத்தியமா இப்படிக் குழம்பு நான் சாப்பிட்டதில்லை," என்றாள் தோழி. "உங்க புளி கெடலை. ஆனா எனக்கு இது வேண்டாம்."

மதினியின் கைகள் அவிழ்ந்தன.

"இது சாப்பிடுறதுக்குக்கா. எனக்கு வேணுங்கிறது பாட்டில்ல அடைக்கிறதுக்கு. கண்ணாடி பாட்டில்ல இது நின்னா, ரோட்டுக்கு ஊத்துற தாருன்னு நெனச்சு ஓடிருவாங்க. உப்பும் நாங்களே அளந்து போடணும். செவப்பா, உப்பே படாத புளி இருந்தா சொல்லுங்க."

கை கழுவ முற்றத்துக்கு வந்தவள் தார்ப்பாய் ஓரத்தில் ஒரு துண்டு புளி எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டாள். குனிந்து தார்ப்பாயைத் தூக்கினாள்.

"இதென்னக்கா?"

"அது சும்மா," என்றாள் மதினி, கூச்சத்தில் நெளிந்துகொண்டு. "இந்த வருசத்துது. இன்னும் பக்குவப்படலை. அதைப் பாக்காதீக."

"இதுதாங்க்கா வேணும்! இதேதான்!"

மதினி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சோறு வேகுமுன்னே பந்திக்கு இலை போடச் சொன்ன மாதிரி திகைத்துப்போயிருந்தாள். வீட்டுக்கு வந்தவளுக்குப் புதுப்புளியைத் தூக்கிக் கொடுப்பதா? ஊரில் என்ன பேசுவார்கள்? வாசலில் நிற்கும் ஜீப்பை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"எடுத்துக்கங்க," என்றாள். "ஆனா ஒண்ணு. பாட்டில்ல எங்க ஊர்ப் பேரை மட்டும் போட்டுராதீக. புதுப்புளி வித்தவன்னு எம் பேரு கெட்டுரும்."

ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு விற்பதுதான் கம்பெனிகளின் வழக்கமாம். தன் ஊர்ப் பெயரைப் போடாதே என்று கேட்டுக்கொண்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று தோழி சொன்னாள். மதினி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை லேப் வாயை மூடிக்கொண்டது. கம்பெனி சரி சொன்னது. எங்கள் முற்றம் வேலைக்களமானது. மலைப்பாதை ஒத்துக்கொள்ளாத இன்னும் சில பெண்களை மதினி சேர்த்துக்கொண்டாள். அப்படிப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள், சொல்லத்தான் கூச்சப்பட்டிருக்கிறார்கள். கம்பெனி அவர்களுக்குக் கையுறையும் தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பியும் கொடுத்தது. முதல் நாள் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் பாதி நாள் போனது. புளி கறுக்காமலிருக்க உடனுக்குடன் குளிர்கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கேட்டபோது மதினியால் தாங்க முடியவில்லை. "நாம கறுக்கட்டும்னு ஜாடியில வைக்கிறோம். அவுக கறுத்துரும்னு ஐஸ்ல வைக்கிறாக. என்னத்தப் படிச்சாகளோ!" என்றாள். ஆனால் சொன்ன தரத்தில், சொன்ன நிறத்தில் கொடுத்தாள். அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. காலையில் டீயை உட்கார்ந்து குடித்தாள். அதுவரை அவள் காலையில் எதையும் குடித்து நான் பார்த்ததில்லை, எப்படியும் முந்தலைத் தாண்டியதும் திரும்பி வரும் என்பதால்.

அவள் ஜீப்பில் ஏறாத முதல் காலையில் அண்ணன் வாசலில் நின்று நீளமாக ஆரன் அடித்தார்.

"நான் வரலைன்னு சொன்னேன்ல," என்றாள் மதினி முற்றத்திலிருந்து.

"தெரியும். ஆரன் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

மறுநாளும் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். நாட்டிலேயே இவ்வளவு அக்கறையாகப் பரிசோதிக்கப்பட்ட ஆரன் வேறு எதுவும் இருக்காது.

இப்படியே போயிருந்தால் எல்லாம் சுகம். ஆனால் கொஞ்ச நாளில் மலைக்குப் போகிற பெண்கள் புகாரோடு வந்தார்கள். ஒரு சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் நேரே முற்றத்துக்கு வந்து மதினியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"மதினி, வண்டி நகரவே மாட்டேங்குது," என்றாள் ஒருத்தி. "லோடு ஏத்துன லாரியெல்லாம் எங்களை முந்திக்கிட்டுப் போகுது. இன்னைக்கு ஒரு மாட்டு வண்டி மட்டுந்தான் பின்னால வந்துச்சு."

"தெனமும் லேட்டு. தோட்டத்து சூப்பர்வைசர் சேட்டன் 'எந்தா இத்ர தாமசம்'னு வாசல்லயே நிக்கிறாரு. நாளைப்பின்ன வேற வண்டியில வாங்கன்னுட்டாரு," என்றாள் இன்னொருத்தி. "அண்ணே வண்டியை விட்டு நாங்க எங்க போறது? நீ மறுபடி வந்து ஏறிக்க மதினி. நீ இருந்தப்ப சர்ருன்னு போவாரு."

அண்ணன் தன் பங்குக்கு இஞ்சின் இழுக்கவில்லை என்றார். போடி மெக்கானிக் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பின்னால் ஓர் ஆள் குறைந்ததால் பேலன்ஸ் போய்விட்டது என்று அடுத்த காரணம் சொன்னார். ஜீப்பில் கொசு நுழைய இடமிருக்காது. அதில் ஒரு மதினி குறைந்தால் என்ன பேலன்ஸ் போகும் என்று கேட்டேன். அவர் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பெண்கள் போனபிறகு மதினி தொப்பியைக் கழற்றி வைத்தாள். உள்ளே போய் ஜாடியிலிருந்து பழைய புளியை எடுத்தாள். கருப்பட்டியை நுணுக்கினாள். இடித்து, ஒவ்வொன்றாக உருட்ட ஆரம்பித்தாள். அவள் திரும்ப மலையேற முடிவு செய்துவிட்டாள் என்று புரிந்தது.

"இவளுக சவாரி போயிருச்சுன்னா உங்கண்ணன் வண்டியை வச்சு என்ன செய்வாரு?" என்றாள், நான் கேட்காமலே. "வேற சோலி அவருக்குத் தெரியாது. மலை ஏறத்தான் தெரியும்."

"எனக்கு நாளைக்கு லீவு. நான் ஏறிப் போய் என்னன்னு பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் நீ ஒண்ணும் முடிவு பண்ணாத," என்றேன். உருண்டைகளை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

விடிகாலையில் ஜீப்பில் ஏறினால் உள்ளே பெண்கள் மடியில் மடியாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது. மேலே சாக்கு மடித்துப் போட்டிருந்தது.

"அங்கன சீட்டு ஒடைஞ்சிருக்காம். யாரையும் ஒக்கார விட மாட்டாரு," என்றாள் ஒருத்தி. நான் சாக்கை எடுத்துப் பார்த்தேன். உடைசல் எதுவும் இல்லை. அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். தங்கை என்பதால் அனுமதி கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முந்தல் தாண்டியது. மலை ஆரம்பித்தது. புளி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன். முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் கியரை மாற்றினார். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"மெல்லத்தான் போறேன்," என்றார் அண்ணன்.

நான் என்னிடம்தான் சொல்கிறாரோ என்று பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வளைவு வந்தது. மறுபடி கியர், மறுபடி அந்த நடை வேகம்.

"மெல்லத்தான் போறேன்."

"தெனமும் இப்படித்தான்," என்று பக்கத்திலிருந்தவள் என் காதில் கிசுகிசுத்தாள். "யாருகிட்டப் பேசுறீகன்னு கேட்டா இஞ்சினுகிட்டங்கிறாரு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதற்கடுத்த வளைவில் அழுகை வந்தது. பின்னாலிருந்து சொல்ல ஆள் இருந்தவரை அவர் வண்டி ஓட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டார். இப்போது பயப்படுவதையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, டீக்கடையில் அவ்வளவு பேச்சுப் பேசிவிட்டு, ஒரு காலிச் சீட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டு மலையேறுகிறாரே என்று அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன். அண்ணன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. ஒரு லாரி எங்களை முந்திப்போனது. லாரிக்காரர் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். அது எழுதக்கூடியது அல்ல.

சாயங்காலம் திரும்பி வந்து மதினியிடம் அப்படியே சொன்னேன். அவள் கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

"காலி சீட்டைப் பாத்தா சொல்றாரு?" என்றாள்.

"சீட்டைப் பாக்கக்கூட இல்லை. ரோட்டைப் பாத்துக்கிட்டே, 'மெல்லத்தான் போறேன்'கிறாரு."

தட்டுகிற கட்டை நின்றது.

"இத்தனை வருசமா வாய் வலிக்கக் கத்துனேன். ஒரு நாளு கேட்டாரா அந்த மனுசன்?" என்றாள். "நான் எறங்குனப்புறம் கேக்குறாராக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பால் இல்லை என்று கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் ஆரன் அடித்தது. மதினி தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு எழுந்து போனாள். ஏறப் போகிறாள் என்று நினைத்த பெண்கள் அவசரமாகச் சாக்கை எடுத்து இடம் செய்தார்கள். அவள் ஏறவில்லை. புளி உருண்டைப் பொட்டலத்தை உள்ளே கொடுத்தாள். பின் டிரைவர் பக்கத்துக் கதவின்மேல் கையை வைத்து, மேலே இருக்கிற எல்லா வளைவுக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொன்னாள்.

"மெல்லப் போங்க."

"மெல்லத்தான் போறேன்," என்றார் அண்ணன். சொன்ன வாய் மூடுவதற்குள் கியரைப் போட்டு, வாசலில் மேய்ந்த கோழிகள் நாலு பக்கமும் சிதற, தெருமுனையில் ஒரே திருப்பாகத் திருப்பிக்கொண்டு பறந்தார்.